கவலைத் தண்ணீர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால், பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் ஊர். குரோம்பேட்டை என்று பலகையில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் ஊர்ப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சாமியின் பெயரில் ஊர் உண்டு, ராஜாவின் பெயரில் உண்டு, மரத்தின் பெயரிலும் உண்டு. ஆனால் ஓர் உலோகத்தின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் ஊர் எங்கள் ஊரைப்போல் வேறு எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குரோமியத்தை 1797இல் வாக்லன் என்ற பிரெஞ்சுக்காரர் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவந்த கல்லில் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வேஷம் போடுவதைப் பார்த்து, கிரேக்க மொழியில் நிறம் என்று பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். ஆகவே எங்கள் ஊரைத் தமிழில் சொல்லப்போனால் 'நிறப்பேட்டை' என்று சொல்லலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்த பிறகு அந்த அழகில் கொஞ்சம் குறைந்துவிடும்.

கிணற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெயர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் இரண்டும் ஒரே கதை என்பதைப் போகப்போக வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

என் தகப்பனார் இந்த ஊரில் மனை வாங்கியபோது, வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே கிணறு வெட்டினார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு அதுதான் முறை. பத்தடி மண், அப்புறம் பதினைந்தடி பொறைக்கல், அப்புறம் கருநீலமாக ஒரு பாறை. கடப்பாறை அதன்மேல் விழும்போது மணி அடித்ததுபோல் சத்தம் கேட்டதாம். அந்தப் பாறைக்கும் ஒரு பெருமை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரருடைய சமாதிக் கல் இந்த இன பாறையால் ஆனது. ஹாலண்டு என்ற நிலவியல் அறிஞர் 1893இல் அதை ஆராய்ந்து 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். பரங்கிமலையும் பல்லாவரத்துக் குன்றுகளும் அதே பாறைதான். இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மற்றொரு நிலவியலார் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் கையால் செதுக்கிய ஆயுதம்! இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்கே அதுதான் பிள்ளையார் சுழி. மண்ணுக்குள் போட்டது எதுவும் தொலைந்து போவதில்லை. எடுப்பதற்கு ஆள் வரும்வரையில் காத்திருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி குரோம் வந்த கதைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற இஞ்சினீயர் தலைவராக இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை இந்த நாட்டில் நிலைநாட்டியவரும் அவரே. அவருடைய கவனம் நம்முடைய கவலையின்மேல் விழுந்தது. கவலை என்றால் மனக் கவலை அல்ல. கிணற்றிலிருந்து மாட்டைக் கட்டி நீர் இறைக்கிறார்களே, அந்தக் கவலை. சில ஜில்லாக்களில் கமலை என்பார்கள். சாலின் அடியில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு தோல் தொங்கும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் அது. ஓயாமல் தண்ணீரிலே கிடந்தால் அந்தத் தோல் ஊறி, அழுகி, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். ஏழைக் குடியானவன் மறுபடியும் தோலுக்குக் காசு தேடவேண்டும்.

அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1884இல், ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறைக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். பட்டையில் ஊறவைத்தால் வாரக் கணக்கில் ஆகும் வேலை, இந்த முறையில் சில நாட்களில் முடிந்துவிடும். பதனிட்டு எடுத்த தோல் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீரில் கிடந்தாலும் சுலபத்தில் அழுகாது. சாட்டர்ட்டன் இதைச் சென்னையில் பரிசோதனை செய்து பார்த்தார். குடியானவனுடைய கவலைக்கு உழைக்கிற தோல் வேண்டும் என்பது அவருடைய முக்கியமான நோக்கங்களில் ஒன்று.

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரை மேலே கொண்டுவருவதற்காக இந்த மாகாணத்துக்கு வந்த சரக்கு அது! அப்புறம் அது எங்கே போய் நின்றது என்று பாருங்கள்.

சாட்டர்ட்டனின் பரிசோதனைக்குப் பின்னால் தனியார் அதில் இறங்கினார்கள். ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். கம்பெனியைச் சுற்றிக் குடிசைகள், குடிசைகளைச் சுற்றிக் கடைகள், கடைகளைச் சுற்றி ஒரு பேட்டை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1949இல் சி. ராஜம் என்ற பெருந்தகை தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியை இங்கே நிறுவினார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் மனை வாங்கினார்கள். கம்பெனி மறைந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது. 2021இல் எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியும் ஆயிற்று.

ஆனால் ஒரு கம்பெனி போனால் தொழிலே போய்விடுமா? பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் சிறிதும் பெரிதுமாகத் தோல் ஷாப்புகள் பெருகின. தோல் ஷாப்பு என்றால் குரோமியம்தான் விஷம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் ஊர்ப் பெயரே அப்படி நினைக்க வைக்கிறது. பாதி உண்மை அது. பதனிடப் பயன்படுவது மூவிணைக் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் நகராது. ஆறிணைக் குரோமியம் வேறு ஜாதி. தண்ணீரில் கரைந்து ஓடும், புற்றுநோயையும் கொண்டுவரும். ராணிப்பேட்டையில் குரோமேட் செய்த ஒரு தொழிற்சாலை மூடிய பிறகு விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அந்தக் கொடிய ரகத்தைச் சேர்ந்தது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குமேல் குரோமியம் இருக்கலாகாது என்பது இந்தியத் தரக்கட்டளை.

எங்கள் பக்கத்துக் கிணறுகளை முதலில் கெடுத்தது நாம் சமையலில் போடுகிற உப்புத்தான். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டிப் புதைத்துக் கொண்டுவருவார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, அந்த உப்பு போகும்படி ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய தண்ணீர் வாய்க்காலில் போயிற்று. வாய்க்கால் ஏரியில் போயிற்று. ஏரி கிணற்றில் போயிற்று. குரோமியத்தையாவது சுத்திகரிப்பு நிலையத்தில் வண்டலாகப் படிய வைத்து எடுத்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. பருப்பு வேகாத தண்ணீர் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னது இதைத்தான். பரிசோதனைக் கூடத்துக்கு முன்பே அடுப்பு கண்டுபிடித்துவிட்டது.

இது வழக்காகவும் ஆயிற்று. வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த மனுவில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பைப் படித்தால் நாவலைவிட விறுவிறுப்பாக இருக்கிறது. தோல் ஷாப்புகள் இருந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமோ பாழ். திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் பார்த்ததில் 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயின. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் — இவையெல்லாம் அதில் வருகின்றன. மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று அங்கேதான் ஐயமின்றி நிலைநாட்டினார்கள். ஐந்து ஜில்லாக்களின் தோல் ஷாப்புகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். எங்கள் செங்கை ஜில்லாவும் அந்த ஐந்தில் ஒன்று. பல்லாவரத்துக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதே 1996இல் கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூர்க்காரர்கள், தங்கள் கிணறுகளில் ஆறிணைக் குரோமியம் கலந்ததற்காக ஒரு மின்சாரக் கம்பெனியிடம் 333 மில்லியன் டாலர் வாங்கினார்கள். அதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். நம் கிணறுகளைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இத்தனையும் தெரிந்து வைத்திருந்ததுதான் எனக்கு வினையாக முடிந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு எல்லாரும் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, பெருமூச்சு விட்டோம். மாசி மாதம் வந்தது. நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் எதிர் வீட்டுப் பாட்டி ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார்.

"மோந்து பாருப்பா. எனக்குத்தான் மூக்குக் கெட்டுப்போச்சோ என்னவோ."

மோந்தேன். மண்ணெண்ணெய் வாடை. குடத்துக்குள் எட்டிப் பார்த்தால், நீரின்மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் சுழன்றது. அந்தப் பாட்டியின் கிணற்றில்தான் கோடையில் பாதித் தெரு தண்ணீர் எடுக்கும். தெருவிலேயே கொஞ்சம் உப்புக் குறைந்த கிணறு அது ஒன்றுதான்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. ஒரு குற்றத்தைக் கண்டால் உடனே ஒரு வில்லன் வேண்டும். எங்கள் தெரு முனையைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. பூமிக்குள் தொட்டி, தொட்டிக்குள் எண்ணெய், அப்புறம் என்ன யோசனை? நான் கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அமெரிக்காவில் யுத்தத்துக்குப் பிறகு மோட்டார் பெருகிய நாளில், வெறும் இரும்புத் தொட்டிகளை லட்சக்கணக்கில் மண்ணில் புதைத்தார்கள். அவை துருப்பிடித்து ஒழுகியது கிணறுகளில் வாடை வந்தபிறகே தெரிந்தது. 1984இல் அந்நாட்டுக் காங்கிரஸ் தனிச் சட்டம் செய்தது. கணக்கெடுத்தபோது தொட்டிகள் 20 லட்சத்துக்கு மேல். அதற்குப் பிறகு உறுதியான ஒழுக்குகள் 5 லட்சத்துக்கு மேல். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தண்டையார்பேட்டையில் 2013இல் துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய் ஒழுகி, வீட்டு ஆழ்குழாய்களில் எண்ணெய் வந்தது. பசுமைத் தீர்ப்பாயம்வரை போன விவகாரம்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு மனு எழுதினேன். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே எழுதினேன். பாட்டியின் குடத்தை முதல் பாராவிலேயே வைத்தேன். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அனுப்புவதற்குள் விஷயம் பரவி, தெருவே அந்தப் பங்கில் வண்டிக்கு எண்ணெய் போடுவதை நிறுத்திவிட்டது. அங்கே வேலை செய்த பையன்களை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் சிலர். நானும் ஒருவன்.

மனுவில் கையெழுத்துப் போடாதவர் ஒரே ஒருவர். பொதுப்பணித் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் அவரை 'சூப்பர்வைசர் சார்' என்போம்.

"எண்ணெய் மேட்டுப் பக்கம் ஏறி வந்திருக்கா, இல்லையான்னு முதல்லே பார்க்க வேண்டாமா?" என்றார்.

"தெரு அந்தப் பக்கம் சரிவாத்தானே சார் இருக்கு?"

"தெரு சரியறது சரி. அடியிலே தண்ணி எப்படிச் சரியறதுன்னு உனக்குத் தெரியுமா?"

மறுநாள் காலை ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொத்தனார் கையில் மட்டம் பார்க்கும் குழாய்; கண்ணாடிபோல் நீளமான பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர். வீட்டுக்கு வீடு அதைப் பிடித்து, மூன்று கிணறுகளின் கைப்பிடிச் சுவர்கள் ஒன்றுக்கொன்று எத்தனை உயரம் என்று முதலில் குறித்தார்கள். பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஒவ்வொரு சுவரிலிருந்தும் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தார்கள். முதல் நாள் இரவிலிருந்தே யாரும் மோட்டார் போடக்கூடாது என்று உத்தரவு. உயரத்தில் ஆழத்தைக் கழித்தால் நீர்மட்டம் வந்துவிடும். மூன்று புள்ளிகளைத் தாளில் முக்கோணமாகப் போட்டு, அதிக மட்டத்திலிருந்து குறைந்த மட்டத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். உலகம் முழுவதும் இந்தத் துப்பறியும் வேலையின் முதல் படி இதுதானாம். இரண்டு கிணறு போதாது. மூன்றாவது இருந்தால்தான் திசை தெரியும்.

கோடு பாட்டி வீட்டிலிருந்து பங்கை நோக்கிப் போயிற்று.

"பங்கிலே ஒழுகினா அது பங்குக்கு அப்பாலே போகும். இங்கே வராது," என்றார். உடனே, "நம்ம பாறையை நம்ப முடியாது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடறதோ, தண்ணியும் அந்தப் பக்கம்தான் ஓடும். எதுக்கும் அங்கேயும் போய்ப் பார்த்துடுவோம்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான். தம் பக்கம் ஜெயிக்கிறபோதும் ஒரு சந்தேகத்தை மிச்சம் வைத்துக்கொள்வார்.

பங்க் மானேஜர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சுப் பேசாமல் பித்தளை அளவுகோலை எடுத்து வந்தார். தொட்டியின் மூடியைத் திறந்து, கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி உள்ளே விட்டார். அடியில் தண்ணீர் புகுந்திருந்தால் பசை நிறம் மாறிவிடுமாம். மாறவில்லை. பிறகு கணக்குப் புத்தகம். தினம் காலையில் கோலில் கண்ட அளவு, வந்த லோடு, விற்ற அளவு, மீதி. டிசம்பர் முதல் அன்றுவரை ஒரு நாள் விடாமல் இருந்தது. வெள்ளத்தன்று மட்டும் 'தண்ணீர், மூடல்' என்று ஒரு வரி. சூப்பர்வைசர் சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டிப் பார்த்தார். எண்ணெய் எங்கும் காணாமல் போகவில்லை.

"சார், தண்ணி கெட்டா எங்களுக்கும் கஷ்டந்தானே. என் வீடும் ரெண்டு தெரு தள்ளித்தான்," என்றார் மானேஜர். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுவை நான் அனுப்பவில்லை.

பாட்டி வீட்டுக்கு மேற்பக்கம், கோட்டின் எதிர்த்திசையில், முள் மண்டிய ஒரு காலி மனை இருந்தது. ஆனியில் அது கை மாறி, அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். மண்வாரி இயந்திரத்தின் பல் இரும்பில் போய் இடித்தது. தெருவே ஓடிப் போய் நின்றோம். ஆள் உயரத்துக்கு ஒரு டீசல் தொட்டி. ஒரு காலத்தில் அங்கே லாரி ஷெட் இருந்ததாம். ஷெட்டைப் பிரித்தவர்கள் கூரை ஓட்டைக்கூட எண்ணி எடுத்துப் போனார்கள். மண்ணுக்குள் இருந்ததை மறந்துவிட்டார்கள். தொட்டி நேராகப் படுத்திருக்கவில்லை. தலைப்பக்கம் தூக்கி, குழாய் முறிந்து கிடந்தது. வெள்ளத்தில் மண் ஊறியதும், பாதி காலியான தொட்டி குடம்போல் மிதக்கப் பார்த்திருக்கிறது. உள்ளே தண்ணீர் புகுந்து, தங்கியிருந்த டீசலை மேலே தள்ளி வெளியேற்றியிருக்கிறது. அது மண்ணில் இறங்கி, நீர்மட்டம் தாழத் தாழ அதன் முதுகில் ஏறிக்கொண்டு சரிவின் வழியே பாட்டியின் கிணற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது சூப்பர்வைசர் சார் சொன்ன விளக்கம். அங்கிருந்த மண்ணை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தியாவில் 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெட்ரோல் பங்குகளுக்குப் புதிய விதிகள் செய்தது. புதிதாக அமைப்பவை பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடியிருப்புப் பகுதிக்கும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நல்ல விதிதான். பெயர்ப் பலகை வைத்து, விளக்குப் போட்டு, தினம் கோல் விட்டு அளக்கிற தொட்டிக்கு விதி உண்டு. முள்ளுக்கடியில் பேரில்லாமல் கிடக்கும் தொட்டியை எந்தப் பட்டியலில் தேடுவது?

பாட்டியின் கிணற்றை நாலு முறை இறைத்தோம். வாடை குறைந்தது, போகவில்லை. அந்தக் கோடையில் அவர் அதைச் சிமெண்டுப் பலகையால் மூடிவிட்டார். 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, எல்லாரும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, அவரும் அந்த வரிசையில் நின்றார். "கிணறு வெச்சுக்கிட்டு வரிசையிலே நிக்கறேன் பாரு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

தொட்டி அகப்பட்ட மறுநாள் நான் பங்குக்குப் போனேன். வண்டிக்கு எண்ணெய் போடுகிற சாக்கில்தான் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். போய் நின்றதும் ஒன்றும் வரவில்லை. மானேஜர் வெளியே வந்தார். மனுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாட்டியம்மா கிணறு இப்போ எப்படி சார் இருக்கு?" என்றார்.